அரவேணுவில் இறங்கிக்கொள்ளுங்கள்



ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், "குடும்பத்தோடு ஊட்டிக்கு வருகிறோம், கையைக் கடிக்காமல் என்ன பார்க்கலாம்?" என்று கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். ரூம் வாடகை, பூங்கா டிக்கெட், படகு டிக்கெட் என்று கூட்டிப் பார்த்து மலைத்துப்போய் எழுதுகிறார்கள். அவர்களுக்கு என் பதில்: மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறுங்கள். கோத்தகிரிக்குச் சற்று முன்னால், அரவேணுவில் இறங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கேத்தரின் அருவிப் பக்கம் ஒரு சாலை பிரிகிறது. அதில் சும்மா நடந்து பாருங்கள். காலையில் போனால் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் சரிவில் வரிசை பிடித்திருப்பார்கள். செடியில் தேங்கிய பனி சேலையை நனைக்காதிருக்க இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் தாள் கட்டியிருப்பார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும். மத்தியானம் பச்சை இலை மூட்டைகள் ரோட்டோரம் வந்து சேரும். தராசில் தொங்கவிட்டு, எடை பார்த்து, நோட்டில் குறித்து, வண்டியில் ஏற்றுவார்கள். அந்த நோட்டில் விழும் எண்ணை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. "வணக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தோட்டத்துக்குள் இறங்குவதற்கு மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அது ஒருவருடைய நிலம்.

அருவி சுமார் 250 அடி. சேலம் கலெக்டராக இருந்த கோபர்னின் மனைவி கேத்தரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோத்தகிரி மலையில் காபி வந்த கதையிலும் இந்தக் குடும்பத்துக்குப் பங்குண்டு. இவர்கள் மகள் மார்கரெட் நம் மலைப் பறவைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். அந்த ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பறவைகள் இங்கேயேதான் இருக்கின்றன. கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் நீலகிரி சிரிப்பானின் குரலை இன்றும் கேட்கலாம். 116 ஹெக்டேர் கொண்ட இந்தச் சோலை சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் தருகிறது. 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஓரமாக நின்று காது கொடுக்க யார் அனுமதியும் வேண்டாம்.

பக்கத்திலேயே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவனின் பெத்தகல் பங்களா. ஊட்டி என்ற நகரம் உருவாவதற்கு முன்பே, 1819இல், இந்தக் கோவை கலெக்டர் கால் ஊன்றிய இடம். ஊட்டிக்குப் போனால் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் சென்று தலையை உயர்த்திப் பாருங்கள். கூரையைத் தாங்கும் மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் உறங்குகிறார்கள். ஊட்டியை உண்டாக்கினார் என்று நாம் கொண்டாடும் மனிதர் இங்கே எதை விட்டுச்சென்றார் என்பது அங்கே நின்றால்தான் உறைக்கும்.

மலை ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லையென்று பிள்ளைகள் வாடினால் குன்னூருக்குக் கூட்டிப்போய், நீராவி இன்ஜின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வருவதைக் காட்டுங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சி கிடைக்காது. பெண்களுக்கு இன்னொரு சௌகரியம்: விடியல் பயணம் 2024 முதல் இங்கும் வந்துவிட்டது. சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் மலையைச் சுற்றிவரக் காசு வேண்டாம்.

ரோம் நகருக்குப் போகிறவர்களுக்கும் இதே செலவுக் கவலைதான். பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வைத்தார்கள். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் கிடையாது. கரவாஜியோவின் பேரோவியங்களைத் தேவாலயத்துக்குள் போய்ச் சும்மா பார்த்துவிட்டு வரலாம். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய தெருக்குழாய்கள். 1874 முதல் வழிப்போக்கர் எவருக்கும் குளிர்ந்த குடிநீர். நம் நீலகிரியோ பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுத்த மாவட்டம், நல்ல காரியம். ஆனால் தாகமெடுத்தால் வாட்டர் ஏடிஎம்மில் நாணயம் போட வேண்டியிருக்கிறது. இத்தனை ஓடைகள் பிறக்கும் மலையில் குடிதண்ணீர் காசில்லாமல் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. நகராட்சிகள் மனது வைக்க வேண்டும்.

கோடையில் வர இயலாதவர்கள் ஜனவரியை யோசியுங்கள். கோத்தகிரிக்கு அருகே பேரகணியில் படுகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா நடக்கும். ஹட்டி எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வெள்ளை உடுத்திய மக்கள் நடந்து வந்து சேர்வார்கள். கும்பிட வந்தவர்கள் அவர்கள், படம் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். சொந்த வண்டியில் வருபவர்கள் கிளம்புவதற்கு முன் இ-பாஸ் போட மறந்துவிடாதீர்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்