பழைய டிராக்டர் கியர்பாக்ஸ்: மாற்றுவதா, பிரித்துக் கட்டுவதா?

கேள்வி: எங்களிடம் 35 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று இருக்கிறது. அப்பா 1996-ல் வாங்கியது. சொந்த நிலம் 4 ஏக்கருக்கும், அக்கம்பக்கத்து வாடகை உழவுக்கும் அதுதான். சம்பா சேற்றுழவு சமயத்தில் இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது. லெவரைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டி முடித்தேன். இப்போது சத்தமும் வருகிறது. ஒரு மெக்கானிக் பிரித்துக் கட்ட 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர், கழித்துப்போட்ட டிராக்டரிலிருந்து எடுத்த முழு கியர்பாக்ஸை 30,000 ரூபாய்க்கு மாட்டித் தருகிறேன் என்கிறார். தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகன், ‘விற்றுவிடலாம்’ என்கிறான். நவரைக்குள் முடிவெடுக்க வேண்டும். எது சரி? கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இதில் பொருத்த முடியுமா?

- ஒரு வாசகர், தேர்வாய் கண்டிகை, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: இரண்டு பேருக்குமே இப்போது முன்பணம் கொடுக்காதீர்கள். இருவரும் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார்கள். எது போயிருக்கிறது, ஏன் போனது என்று தெரியாமல் வேறு பெட்டியை மாட்டினால், அதே காரணம் அதையும் தின்றுவிடும்.

முதலில் செலவில்லாத மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒன்று, கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளே. கையேட்டில் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால், கியர் போடும்போதெல்லாம் பல்லோடு பல் உரசித் தேயும். இதைச் சரிசெய்ய அரைமணி நேர வேலை போதும்.

இரண்டு, சத்தம் எப்போது வருகிறது? நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். கிளட்சை மிதித்ததும் சத்தம் நின்றால், கியர்பாக்ஸின் முன்பக்க ஷாஃப்ட் பேரிங் மேல்தான் சந்தேகம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், அது கிளட்ச் ரிலீஸ் பேரிங்காக இருக்கலாம். எல்லா கியரிலும் வண்டி நகரும்போது மட்டும் வந்தால், கிரவுன் பினியன் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்று, ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்துப் பாருங்கள். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் மை போன்ற பொடி ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலால் எடுக்கக்கூடிய இரும்புச் சில்லுகள் கிடந்தால் பல் உடைந்திருக்கிறது. பொன்னிறத் துகள்கள் இருந்தால் பித்தளை, வெண்கல புஷ் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். லெவரின் அடியிலுள்ள கிழிந்த ரப்பர் உறை வழியாகவும், தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும்தான் பெரும்பாலும் தண்ணீர் இறங்குகிறது.

அடுத்து, கியர் நழுவும் காரணத்தைச் செலவு குறைந்ததிலிருந்து தேட வேண்டும். லெவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் தளர்ந்திருக்கலாம். கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடலாம். கடைசியாக, பல்லின் முனையே மழுங்கியிருக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் மேல் மூடியைக் கழற்றினாலே தெரிந்துவிடும். நீங்கள் லெவரை அழுத்திப் பிடித்து ஓட்டியதில் ஃபோர்க் இன்னும் தேய்ந்திருக்கும். இனி அந்த கியரில் ஓட்டாதீர்கள்.

பிரித்துக் கட்டுவது என்றால்...

ஹவுசிங்கில் விரிசல் இல்லை, பேரிங் உட்காரும் குழிகள் தேயவில்லை என்றால் பிரித்துக் கட்டுவதே நல்லது. ஆனால், ‘பிரித்துக் கட்டினேன்’ என்பதற்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. உடைந்த ஒரு பல்சக்கரத்தை மட்டும் மாற்றி மூடுவது ஓவர்ஹால் ஆகாது. தேய்ந்த கியரோடு உரசிய ஜோடி கியர், பேரிங்குகள், எல்லா ஆயில் சீல், கேஸ்கெட் ஆகியவற்றைச் சேர்த்தே கணக்கிடச் சொல்லுங்கள். டேப்பர் பேரிங்கை வெளிவளையத்தோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம்தான் மிஞ்சும். டிராக்டரை இரண்டாகப் பிரிப்பதால், கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அதே பிரிப்புக் கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும்.

பல டிராக்டர்களில் ஹைட்ராலிக் பம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில்தான். பல் உடைந்திருந்தால் அந்தச் சில்லு பம்பையும் அரித்திருக்கும். உள்ளே கழுவி, வடிகட்டியைச் சுத்தம் செய்து, பம்பைச் சோதிக்காமல் மூட விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். எதை மாற்றினார் என்பதற்கு அதுவே சாட்சி.

பிரிக்கும் நாளில் பக்கத்தில் இருக்க முடிந்தால், முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஆப்பு இல்லாமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்து ஆளை நசுக்கிவிடும்.

பழைய பெட்டி வாங்குவது என்றால்...

30,000 ரூபாய்ப் பெட்டி மலிவு போலத் தெரிகிறது. ஆனால், அதற்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஹவுசிங் உடைந்துபோயிருந்தால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள். அப்போதும் மூடியைத் திறந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கிளட்ச் பிளேட்டில் பொருந்தும் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன் எண்ணிக்கை ஒன்றா? சிங்கிள் கிளட்சா, டூயல் கிளட்சா? கியர் எண்ணிக்கையும் கிரவுன் பினியன் பல் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா? பி.டி.ஓ ஷாஃப்ட்டும் பிரேக் அமைப்பும் அதே வகையா? ஒரே பெயரில் வந்த மாடலிலும் வருடத்துக்கு வருடம் இவை மாறியிருக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டிராக்டருக்கு லாரி போலத் தனிச் சட்டம் கிடையாது. அதனால் பல மாடல்களில் சேஸிஸ் எண்ணை கிளட்ச் ஹவுசிங்கிலோ கியர்பாக்ஸ் ஹவுசிங்கிலோதான் பொறித்திருப்பார்கள். அந்த ஹவுசிங்கை மாற்றினால், உங்கள் வண்டியில் வேறொருவருடைய வண்டி எண் ஏறிவிடும். விவசாய டிராக்டரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1996-ல் வாங்கிய வண்டி என்பதால் உங்களுக்கு இது அடிக்கடி வரும். புதுப்பிக்கப் போகும்போது எண் பொருந்தாவிட்டால், நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். அந்த வண்டி திருட்டுப்போனதாக இருந்தால் இன்னும் வில்லங்கம். எண்ணை அரித்து மறுபடி பொறிப்பது குற்றம். எனவே உள்ளிருக்கும் பாகங்களை மட்டும் எடுத்து உங்கள் ஹவுசிங்கில் மாட்ட முடியுமா என்று கேளுங்கள். ஹவுசிங்கையே மாற்றியாக வேண்டுமென்றால், பழைய வண்டியின் ஆர்.சி நகலும் விற்பனை ரசீதும் வாங்கிக்கொண்டு, முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் பொருத்தலாமா?

வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் தத்துவம் புதிதல்ல. நடுவில் ஒரு பல்சக்கரமும் அதைச் சுற்றி ஓடும் சிறு பல்சக்கரங்களும் கொண்ட தொகுதிதான் அது. மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டரின் ஹை-லோ பகுதியே இந்த வகைதான். அதே நிறுவனம் 1960-களில், ஓடும்போதே கிளட்ச் மிதிக்காமல் வேகம் மாற்றும் ‘மல்டி பவர்’ என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. ‘லோ’வில் இறக்கத்தில் இறங்கினால், இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ஆட்டோமேட்டிக்குக்குத் தனி ஆயில் அழுத்தம், கிளட்ச் அடுக்குகள், ஆயிலைக் குளிர்விக்கும் ஏற்பாடு எல்லாம் வேண்டும். பழைய காரில் ஆட்டோமேட்டிக் பெட்டியை மாற்றுபவர்களும், டார்க் கன்வெர்ட்டரையும் கூலரையும் கவனிக்காமல் விட்டால் புதுப் பெட்டியையும் இழந்துவிடுவார்கள். உங்கள் டிராக்டரில் அதைப் பொருத்த ஆகும் செலவு, டிராக்டரின் விலையைத் தாண்டிவிடும்.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

மகன் கேட்டது நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிப்காட் தொழிற்பூங்காவும், 2020-ல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் வந்தபிறகு, உங்கள் பக்கத்தில் உழுகிற பரப்பு முன்போல் இல்லை. அதனால் போன வருடம் வாடகைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள், டீசல் போக எவ்வளவு நின்றது என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப்பாருங்கள். இரண்டு வருட வாடகை மிச்சத்தில் பழுதுச் செலவு திரும்பி வருமென்றால் கட்டுங்கள். பழுதுச் செலவு, வண்டி விற்கும் விலையில் பாதியைத் தாண்டினால் மகன் சொல்வதைக் கேளுங்கள். 4 ஏக்கருக்கு மட்டும் என்றால் வாடகை டிராக்டரே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். பழுதுவேலை இழுத்துக்கொண்டே போனாலும், நவரை உழவுக்கு அது கைகொடுக்கும்.

என் யோசனை இதுதான்: 45,000 ரூபாய் கேட்டவரிடம் முதலில் திறந்து பார்க்க மட்டும் கூலி பேசுங்கள். திறந்தபிறகு பாகப் பட்டியலை எழுதி வாங்கி, அதற்கு மட்டும் விலை பேசுங்கள். கட்டி முடித்தபின் வெறும் ரோட்டில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். கலப்பை மாட்டி, ஈரமான வயலில் ஒருமணி நேரம் உழுது பாருங்கள். இரண்டாவது கியரில் லெவரைத் தொடாமல் ஓட்டுங்கள். அது நின்றால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.