மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்றனர் நம் முன்னோர். அவர்கள் அஞ்சியது பிறர் காதுக்கு. கணினி வந்துவிட்ட இக்காலத்தில் பிறர் கண்ணுக்கும் நாம் அஞ்ச வேண்டியிருக்கிறது.

பட்டுக்குப் பெயர் பெற்ற நம் ஆரணியில் தறியைப் போலவே கணக்கும் முக்கியம். நெசவாளருக்குக் கொடுத்த பாவு, பட்டு, ஜரிகை, கூலி, முன்பணம் ஆகியவற்றை முன்பெல்லாம் பேரேட்டில் எழுதினர். ஆள் வந்தால் பேரேட்டை மூடிவிடலாம். கணினியில் எக்செல் விரிதாளில் கணக்கு வைக்கும் இடத்திலோ, ஒருவர் தம் பாக்கியைக் கேட்க வந்தால் எல்லார் பாக்கியும் திரையில் விரிந்து நிற்கும். மகள் திருமணத்திற்காக ஒருவர் வாங்கிய முன்பணம் அடுத்த தறிக்காரருக்கு ஏன் தெரிய வேண்டும்? கடன் வாங்குவது குற்றமன்று. ஆனால் அது தெருவில் பேச்சாகும்போது மானமுள்ளவர் தலைகுனிகிறார்.

ஆகவே மறைப்பது தேவையே. அதற்கு விரிதாளில் எளிய வழிகள் உண்டு. எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கலாம். ஒரு வரிசையையே மறைத்து வைக்கலாம். கட்டத்தின் எண் வடிவத்தில் மூன்று அரைப்புள்ளிகளை இட்டால், உள்ளிருக்கும் தொகை கண்ணுக்குத் தெரியாது. கூட்டலும் கழித்தலும் வழக்கம்போல் நடக்கும்.

ஆனால் தோழியரே, இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போன்றதே! அக்கட்டத்தைச் சொடுக்கினால், மேலேயுள்ள நீண்ட பட்டையில் தொகை அப்படியே தெரியும். மறைத்த வரிசையையும் இரண்டு சொடுக்கில் மீட்டுவிடலாம். இலக்கண வகுப்பில் குழூஉக்குறி படிக்கிறோம் அல்லவா? பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். அருகில் நிற்பவர் கேட்டாலும் விளங்காது. ஆனால் அந்தக் குறி பெட்டிக்குப் பூட்டாகாது. விரிதாளில் மறைப்பதன் பயனும் அவ்வளவே. போகிற போக்கில் பார்ப்பவரை அது தடுக்கும். தேடிப் பார்ப்பவரைத் தடுக்காது.

இவ்வேறுபாட்டை மறந்தால் என்ன ஆகும்? நம் நாட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போன்ற ஒரு சட்டம் வட அயர்லாந்திலும் உண்டு. அதன்கீழ் வந்த கேள்விக்கு விடையாக 2023 ஆகஸ்ட் 8ஆம் நாள் அந்நாட்டுக் காவல்துறை ஒரு விரிதாளை அனுப்பியது. அதனுள் மறைந்திருந்த தாளில் 9,483 காவலர், ஊழியரின் குடும்பப் பெயரும் பதவியும் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது இணையத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தது. தாம் காவலர் என்பதை அண்டை வீட்டாரிடமும் சொல்லத் தயங்குவோர் உள்ள நாடு அது. பலர் உயிருக்கு அஞ்சினர். 2024இல் அக்காவல்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

அப்படியானால் செய்ய வேண்டியது யாது? இரகசியக் கணக்கைத் தனிக் கோப்பில் வைத்து, திறப்பதற்கே கடவுச்சொல் இட வேண்டும். பிறருக்கு அனுப்பும் கோப்பில், அவருக்குத் தேவையற்றதை மறைக்காமல் நீக்கிவிட வேண்டும். மறைக்கப்பட்ட ஆதார் அட்டையைப் பாருங்கள். அதில் முதல் 8 இலக்கங்களுக்குப் பதில் வேறு குறிகளே உள்ளன. கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும். அக்குறிகளைச் சுரண்டினாலும் அடியில் ஒன்றும் இராது. அதுவே சரியான முறை.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை நெசவாளரின் முன்பணத்துக்கும், கட்டணச் சலுகை பெறும் மாணவியின் பெயருக்கும் பொருந்த வேண்டும் என்பதே என் கருத்து. நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் பிறர் கணக்கைக் கையாளப் போகிறோம். பூட்ட வேண்டியதைப் பூட்டுவோம். பிறர் பூட்ட மறந்த திரை எதிரே இருந்தால், பார்வையைத் திருப்பிக்கொள்வோம்.