பார்க்க ஆளே இல்லாமல் 21 இரவு: பாலக்காட்டின் கம்ப ராமாயணக் கூத்தை மீட்பது எப்படி, இனி யார் ஆடுவது?

கோவில் வளாகத்தில் ஒரு நீளமான மேடை. வெள்ளைத் துணித் திரை. திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். ராமனும் ராவணனும் நிழலாக அசைய, உள்ளே இருப்பவர்கள் கம்பனின் பாடல்களைத் தமிழிலேயே பாடுகிறார்கள். முன்னால் உட்கார்ந்து பார்ப்பவர்கள் ஒன்றிரண்டு பேர். சில இரவுகளில் அதுவும் இல்லை.

இது நடப்பது தமிழ்நாட்டில் அல்ல. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், ஷொர்ணூர் பக்கம். பெயர் தோல்பாவைக்கூத்து.

'அழிந்து வரும் கலை' என்று இதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே படித்திருக்கலாம். ஆனால் இதில் எது அழிகிறது, எது நன்றாகவே இருக்கிறது? இதைப் பிரித்துப் பார்க்காமல் மீட்பு பற்றிப் பேச முடியாது.

தோல்பாவைக்கூத்து என்றால் என்ன?

பாலக்காடு, திருச்சூர், மலப்புரம் மாவட்டங்களில் உள்ள பத்ரகாளி கோவில்களில் நடக்கும் நிழற்பாவைக் கூத்து இது. பொதுவாக ஜனவரி முதல் மே வரை நடக்கும்.

காளி கோவிலில் எதற்கு ராமாயணம்? அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். ராமன் ராவணனைக் கொன்ற அதே நேரத்தில் பத்ரகாளி தாரிகனோடு சண்டையில் இருந்தாள். அதனால் அந்தப் போரை அவளால் பார்க்க முடியாமல் போனது. அவளுக்காக வருஷா வருஷம் அதை நடத்திக் காட்டுகிறார்கள்.

கூத்துக்கென்றே கோவிலில் நிரந்தரக் கட்டடம் உண்டு. அதன் பெயர் கூத்துமாடம், நீளம் சுமார் 42 அடி. பாவைகளை முன்பு மான் தோலில் செய்தார்கள், இப்போது பெரும்பாலும் ஆட்டுத்தோல். நடத்துபவருக்குப் பட்டம் 'புலவர்'.

எவ்வளவு பெரிய நிகழ்ச்சி? ஒரு சின்ன கணக்கு

கூத்து 7, 14, 21 இரவுகள் என்று கோவிலுக்குக் கோவில் மாறும். கவளப்பாறையில் உள்ள ஆரியங்காவு கோவிலில் (செங்கோட்டை பக்கம் இருக்கும் ஆரியங்காவு வேறு) 21 இரவுகள்.

ஓர் இரவுக்கு 8 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 21 இரவுக்கு 168 மணி நேரம். இரண்டரை மணி நேர சினிமாவாகப் போட்டால் 67 படங்கள்! இதற்கு 150-க்கும் மேற்பட்ட பாவைகள், ஆயிரக்கணக்கான பாடல்கள் வேண்டும். அத்தனை பாடல்களும் மனப்பாடம்.

பாட்டோடு முடிந்துவிடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழும் மலையாளமும் கலந்த நடையில் விளக்கம் உண்டு. ஒரு பாவைக்காகப் பேசுபவர் கேள்வி கேட்க, இன்னொருவர் பதில் சொல்வார். இலக்கணம், புராணம், ஜோதிடம் என்று பேச்சு எங்கெங்கோ போய்த் திரும்பி வரும். இரவின் பெரும்பகுதி இதற்கே போகும். பாவைகள் ரொம்ப நேரம் அசையாமலே நிற்கும்.

கம்பன் எழுதியதை அப்படியே ஆடுகிறார்களா?

இல்லை. பல கோவில்களில் கதை பஞ்சவடியில் தொடங்கி பட்டாபிஷேகத்தில் முடிகிறது. கம்பனில் இல்லாத காட்சிகளும் உண்டு. சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் தவம் செய்துகொண்டிருக்கும்போது லட்சுமணன் கையால் சாகிறான். மூக்கு அறுபடும் முன்பே மகனை இழந்த தாயாக சூர்ப்பணகை நிற்கிறாள். இது கம்பன் சொன்ன கதை அல்ல.

ஆகவே 'மாற்றினால் மரபு கெட்டுவிடும்' என்ற வாதம் இங்கே நிற்காது. இந்தக் கூத்து கம்பனை வெட்டியும் சேர்த்தும் வளர்ந்ததுதான்.

ஆளே வராமல் இத்தனை காலம் எப்படி ஓடியது?

1980-களில் இதை ஆய்வு செய்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், 1996-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தக் கேள்வியைத்தான் விரிவாகப் பேசுகிறார். அப்போதே திரைக்கு முன் ஆள் கிடையாது. பார்வையாளர் அம்மன்தான். செலவைக் கோவிலும் ஊரும் பக்தர்களும் ஏற்றார்கள். பிள்ளைப்பேறு, நோய் குணமாவது என்று ஏதாவது வேண்டிக்கொண்டு காசு கொடுப்பவர்களுக்காக, புலவர்கள் கூத்துக்கு நடுவே அவர்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள்.

டிக்கெட் விற்பனையை நம்பி இது இருந்ததே இல்லை. எனவே 'கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி' என்று கேட்பது தவறான இடத்தில் தொடங்குவதாகும்.

அப்போ சிக்கல் எங்கே?

ஆள் பற்றாக்குறை திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஒருவர் முழுப் புலவராகப் பல வருஷம் பிடிக்கும். தமிழ், மலையாளம், கொஞ்சம் சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும். வேலையோ வருஷத்தில் சில மாதங்கள்தான். தொழில் சில குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். அர்த்தம் புரியாத தமிழ்ப் பாட்டை மனப்பாடம் செய்யலாம், ஆனால் அதை வைத்து விடிய விடிய வாதம் செய்ய முடியாது.

இதுவரை என்ன மாற்றியிருக்கிறார்கள்?

- இடம்: கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டி புலவர் கூத்தைக் கோவிலுக்கு வெளியே, பொது மேடைக்குக் கொண்டுவந்தார். வெளிநாடுகளுக்கும் போனது.
- கதை: அவர் மகன் ராமச்சந்திர புலவர் காந்தியின் வாழ்க்கையைப் பாவைக்கூத்தாக்கினார். 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.
- ஆட்கள்: கூத்துமாடத்துக்குள் பெண்கள் ஆடுவது வழக்கமில்லை. பாவை செய்யும் வேலையில் மட்டும் வீட்டுப் பெண்களுக்குப் பங்கு இருந்தது. ராமச்சந்திர புலவரின் மகள் ரஜிதா 2021-ல் பெண்கள் மட்டுமே உள்ள குழுவைத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட பொருளும் பெண்களின் வாழ்க்கைதான்.
- இயந்திரம்: அதே காலத்தில் திருச்சூர் ரோபோ நிறுவனம் ஒன்றின் உதவியோடு தானாக அசையும் பாவைகளும் வந்தன.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? மாறிய எல்லாமே பாவை தொடர்பானது. பாட்டும் விளக்கமும் அந்த 168 மணி நேரமும் இதில் எங்குமே இல்லை.

ஒரு மணி நேர நிகழ்ச்சி போதாதா?

வருமானத்துக்கு அது தேவை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தோனேசியாவின் ஜாவாவில் இதே பிரச்சினை வந்தது. அங்கே 'வயாங்' நிழற்கூத்தும் விடிய விடிய நடப்பது. 1970-களில் சுராகார்த்தாவின் கலைக்கல்லூரியில் அதை ஓரிரு மணி நேரமாகச் சுருக்கிய வடிவத்தை உருவாக்கினார்கள். ஆனால் முழு இரவுக் கூத்தும் தொடர்ந்தது. கல்யாணம், ஊர்ச்சடங்கு என்று செலவு செய்து கூப்பிடுபவர்கள் இருந்தார்கள், பாவையாட்டிகளுக்குக் கல்லூரிப் பயிற்சியும் கிடைத்தது. வயாங் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சுருக்கமும் முழுசும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு ஜாவா உதாரணம். இரண்டுக்கும் தனித்தனியாகப் பணமும் ஆளும் வேண்டும், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

முதலில், உதவித்தொகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மேடை நிகழ்ச்சிக்குக் கொடுப்பது வேறு. 21 இரவையும் நடத்தும் கோவிலுக்கும் மாணவர்களுக்கும் கொடுப்பது வேறு. இப்போதைய முறையில் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு இருக்கும் லாபம், பத்து வருஷம் படிப்பவருக்கு இல்லை.

இரண்டாவது, முழுமையான ஒலிப்பதிவு. பாடல்கள் அச்சில் கிடைக்கும். மூத்த புலவர்களின் வாதங்கள் அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, புது ஆட்களை எங்கே தேடுவது? கேரளத்திலேயே தமிழ் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்திலும் இடுக்கியின் மூணாறு, தேவிகுளம் பக்கத்திலும் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையே இருக்கிறது. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் பேசும் இந்தப் பிள்ளைகளிடம் புலவருக்குத் தேவையான மொழி ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பரம்பரை, ஆண் என்ற இரண்டு வேலிகள் இன்னும் நிற்கின்றன. பெண்கள் குழு இரண்டாவது வேலியைக் கோவிலுக்கு வெளியே தாண்டிவிட்டது. கூத்துமாடத்துக்குள் அவர்களை விடுவதா என்பதைக் கோவில்களும் புலவர் குடும்பங்களும்தான் முடிவு செய்ய வேண்டும். அதைத் தள்ளிப்போட நேரம் அதிகம் இல்லை.

அடுத்த ஜனவரியில் ஷொர்ணூர் பக்கம் போனால் ஓர் இரவு உட்கார்ந்து பாருங்கள். பாவை அழகாக இருக்கும். ஆனால் பாட்டு முடிந்ததும் தொடங்கும் பேச்சைக் கவனியுங்கள். அதில் பேசுபவர்களின் வயது என்ன, பக்கத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளும் இளையவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இந்தக் கூத்தின் நிலைமை அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.