கோவலன் பக்கமா, கண்ணகி பக்கமா?

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில், ஆடுவோர் தாம் ஏற்ற பாத்திரமாகவே பேசி நடப்பர். மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இது புதுமையன்று. கண்ணகி வழக்குரை படிக்கும் ஊர்களில் கொம்பு விளையாட்டு இருந்ததே!

அந்நாட்களில் ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு சேரியாரும் இழுப்பர். முறிந்த கொம்புக்குரியவர் தோற்றவர். பூக்கொய்யச் சென்ற கோவலன், கண்ணகி இருவரின் கொக்கத்தடிகளும் சிக்குண்டு, அவர்கள் இழுத்துப் பார்த்ததே இதன் தொடக்கம் என்பது ஊர்க்கதை. சிங்கள ஊர்களிலும் பத்தினித் தெய்வத்தின் பெயரால் இவ்வாட்டம் 'அங்கெலிய' என நிகழ்ந்ததுண்டு.

மேசை விளையாட்டிலே பாத்திரத்தை நாமே தெரிந்துகொள்ளலாம். இங்கு அந்த உரிமை கிடையாது. குடிமுறை தாய்வழி செல்லும் இந்நாட்டில், சேரி மட்டும் தந்தைவழி வருவது. ஆகவே கணவன் வடசேரி, மனைவி தென்சேரி என்னும் இல்லங்களும் உண்டு. பிள்ளைகளோ தகப்பன் பக்கம்! வடசேரிக் கொம்பு முறிந்து, வென்றவர் வசைக்கவி பாடித் தெருவில் வரும்போது, வாசலில் நிற்கும் அந்த மனைவி சிரிப்பதா, முகத்தைத் திருப்புவதா? அன்றிரவு சோறு வேளைக்குக் கிடைத்ததா என்பதை வடசேரியாரிடந்தான் கேட்கவேண்டும்.