புது மனையில் முளைத்தவை எவை?



ஆரணி, சந்தவாசல், கண்ணமங்கலம் வட்டாரங்களில் நேற்றுவரை நிலக்கடலையும் நெல்லும் விளைந்த கொல்லைகள் இன்று அளவுகல் நடப்பட்டு வீட்டு மனைகளாகி வருகின்றன. பட்டுத்தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தாலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தாலும் நம்மவர் பலர் அங்கே வீடு கட்டிக் குடியேறுகின்றனர். குடியேறிய முதல் மழையிலேயே கேளாமல் வந்து நிற்பவை பூண்டுகள். நட்டவர் எவருமில்லை. பெயர் கேட்டால் வீட்டில் உள்ளவர்க்கும் தெரிவதில்லை. "எல்லாம் களை" என்று ஒரே சொல்லில் முடித்து ஆளை விட்டுச் செதுக்கி எறிவோர் ஒருபுறம். "எல்லாம் மூலிகை" என்று பறித்துச் சட்டியில் போடுவோர் மறுபுறம். இருசாராரும் பார்க்காமலே தீர்ப்புக் கூறுகின்றனர்.

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாவற்றின் பெயர்களையும் கற்றுக் கொடுத்தான் என்று அல்பகரா அத்தியாயம் கூறுகிறது. மனிதனுக்குத் தரப்பட்ட முதற்கல்வி பெயரறிவு. நம் முன்னோர் இதனை இலேசாகக் கருதியவர் அல்லர். அந்தலூசியாவின் மலாகாவில் பிறந்து 1248ல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்கா முழுவதும் பயணம் செய்து ஏறத்தாழ 1400 மருந்துப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் அகரவரிசையில் தொகுத்தார். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்குவதால் மருந்து மாறி உயிர் போகும் என்பதை உணர்ந்து, பல மொழிப் பெயர்களையும் அருகருகே எழுதி வைத்தார்.

அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. சாரணை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் அது ஒரு பூண்டைக் குறிக்கும். அடுத்த ஊரில் மூக்கிரட்டையைக் குறிக்கும். மருந்துக் கடைகளிலும் இவ்விரண்டும் புனர்நவா என்ற ஒரே பெயரில் மாறிவிடுவதுண்டு. ஆகவே பெயரைக் கேட்டவுடன் நம்பிவிடலாகாது. செடியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெயரைக் கேட்க வேண்டும்.

கடலைக் கொல்லையாயிருந்த மனையில் பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது தரையோடு படரும் சதைப்பற்றுள்ள பூண்டுகள். இவற்றில் மூன்றைப் பிரித்தறியப் பழகினால் பாதிப் பாடம் முடிந்தது. முதலாவது பருப்புக்கீரை. தண்டு வழவழப்பாகச் செம்மை கலந்திருக்கும். இலை சிறு கரண்டி போலிருக்கும். மஞ்சள் பூ முற்பகல் வெயிலில் விரிந்து பின்னர் மூடிக்கொள்ளும். காய் முற்றியதும் மூடி கழன்று பொடிப்பொடியான கறுப்பு விதைகள் உதிரும். அரபு நாட்டுச் சமையலறைகளில் இது விருப்பமான கீரை. ஆயினும் அம்மொழியில் இதற்குக் கிடைத்த பெயரோ அல்பக்லத்துல் ஹம்கா, அதாவது மூடக் கீரை! வெள்ளம் ஓடும் வழியிலும் ஆள் மிதிக்கும் பாதையிலும் முளைத்து அழிந்துபோவதால் அப்பெயராம். நம் வாசற்படியின் சிமெண்டுப் பிளவில் அது முளைப்பதைப் பார்க்கும்போது, பெயரிட்டவர் நன்றாகக் கவனித்தே இட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

இரண்டாவது சாரணை. எட்டி நின்று பார்த்தால் பருப்புக்கீரைதான் என்று சத்தியம் செய்வீர்கள். குனிந்து பாருங்கள். இலைகள் எதிரெதிராக இருக்கும். ஆனால் ஒன்று பெரிது, அதன் இணை சிறிது. இலைக்காம்பின் அடி விரிந்து தண்டைச் சிறு பை போல் பற்றியிருக்கும். பூ மஞ்சளன்று, வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ அந்தப் பைக்குள் ஒளிந்திருக்கும். இளந்தளிரைச் சிலர் சமைப்பர். முற்றிய இலை வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சிறுநீரகக் கல் உடையோர் இவ்விரண்டையுமே குறைத்துக்கொள்வது நலம்.

மூன்றாவது சிற்றம்மான் பச்சரிசி. இதுவும் தரையோடு ஒட்டிப் படரும், தண்டும் சிவந்திருக்கும். ஆனால் கிள்ளினால் வெண்பால் வரும். பருப்புக்கீரையில் பால் ஒருபோதும் வராது. எனவே பெயர் தெரியாத பூண்டைக் கிள்ளிப் பால் வந்தால் அதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பலாவிலும் அத்தியிலும் பால் உண்டே என்று கேட்கலாம். அவை நமக்கு அறிமுகமானவை. இந்த விதி அறிமுகமில்லாதவற்றுக்கு. இன்னொன்று: பால் இல்லாததால் மட்டும் ஒரு செடி நல்லதாகிவிடாது. ஊமத்தையில் பால் கிடையாது.

ஊமத்தையைப் பூத்த பின்னர் யாரும் கீரையென எண்ணுவதில்லை. இளங்கன்றாயிருக்கும்போதுதான் ஆபத்து. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பொட்டலமிட்டு விற்ற இளங்கீரையில் ஊமத்தை இனக் களையொன்று கலந்துவிட, இருநூறு பேர் அளவில் நோயுற்றனர். பார்வை மங்கல், மனக்குழப்பம், நெஞ்சுப் படபடப்பு எனத் துன்புற்றனர். இயந்திரமும் மேற்பார்வையும் உள்ள பண்ணையிலேயே இப்படியென்றால், அந்தி மயங்கும் நேரத்தில் விளக்கின்றிக் கீரை பறிப்பதைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. குப்பைக்கீரையின் இலை நுனியில் சிறு பள்ளம் இருக்கும். கசக்கினால் கடுநாற்றம் வராது. முள்ளுக்கீரையின் கணுவில் முள் இருக்கும். ஊமத்தை இலையின் ஓரம் பெரும்பாலும் பெரும்பற்களாக வெட்டுண்டிருக்கும். கசக்கினால் குமட்டும் வாடை வீசும்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 1998ல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையெண்ணெய் கலந்ததால் கால் வீங்கி, மூச்சுத் திணறிப் பலர் மாண்டனர். மஞ்சள் பூவும் முள்ளடர்ந்த வெளிறிய இலையுமாக நம் பாதையோரங்களில் நிற்கும் அதே பிரமதண்டுதான்.

எல்லாவற்றிலும் என்னை அஞ்ச வைப்பது வேலியில் நிற்கும் காட்டாமணக்கு. ஆடு மேயாது என்பதற்காக உயிர்வேலியாக நட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் எண்ணெய் எடுக்கலாம் என்று அரசும் ஊக்கமளித்தது. நஞ்சு கசக்கும் என்று நாம் நம்புகிறோம். இதன் பருப்போ கசப்பதில்லை. கடலை போலச் சுவைக்கும். அதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்று வாந்தியும் பேதியுமாக மருத்துவமனை சேர்ந்த செய்தியை அடிக்கடி வாசிக்கிறோம். புது மனையின் வேலியில் அது இருந்தால், வீட்டில் சிறுவர் உள்ளவர்கள் கீரையைப்பற்றி எண்ணுமுன் அதனைக் களையுங்கள். குன்றிமணிக் கொடியையும் அவ்வாறே. எவரேனும் தின்றுவிட்டால் உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயலாமல் 108க்குச் சொல்லி, தின்ற காயையும் இலையையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

மார்க்கச் சட்டத்திலும் இது விளக்கமாகவே உள்ளது. நிலத்தில் விளைபவற்றில் தீங்கு தருபவையும் போதை தருபவையும் நீங்கலாக மற்றவை ஆகுமானவை. தீங்கு தருமா என்று அறியும் பொறுப்பு உண்பவன் மேலது. "பிஸ்மில்லாஹ் சொல்லித்தானே உண்கிறோம்" என்று அப்பொறுப்பைத் தட்டிக் கழிக்க இயலாது.

இனி வேறொரு தடை. களைக்கீரை உண்பது வறுமையின் அடையாளம் என்னும் வெட்கம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. இது பழைய வெட்கம். சிறுபாணாற்றுப்படையில் பாணர் குடும்பத்துப் பெண்ணொருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்பும் இன்றி வேகவைத்து, பிறர் கண்டுவிடுவரோ என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். கல்லூரியில் அந்தப் பகுதியைப் படித்தபோது உப்பில்லாமையை விட அந்தக் கதவடைப்பே என்னை வருத்தியது. மதீனாவில் வேறொரு காட்சி. மூதாட்டி ஒருவர் தம் நிலத்தில் விளைந்த சில்க் என்னும் கீரைச் செடியின் கிழங்கை வாற்கோதுமையோடு சமைத்து வைப்பார். ஜும்ஆ முடிந்து வரும் ஸஹாபாக்கள் அதற்காகவே அந்நாளை மகிழ்ந்து எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அங்கே கதவு திறந்திருந்தது. அபூஉபைதா (ரழி) தலைமையில் சென்ற முன்னூறு பேர் படை, உணவு தீர்ந்தபோது மரத்தில் தடியால் அடித்து உதிர்த்த இலையை நீரில் நனைத்து உண்டதையும் நாம் ஓதியிருக்கிறோம். அந்தப் படைக்கே இலைப்படை என்று பெயர் நிலைத்தது. யாரும் அதை இழிவாகக் கருதவில்லை.

தமிழகத்துப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. கீரை ஒன்றே அதற்கு மருந்தாகிவிடாது. ஆயினும் காசின்றி முற்றத்தில் கிடைக்கும் உணவை வெட்கத்தால் எறிவது வருந்தத்தக்கது. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மணத்தக்காளி, முடக்கத்தான் ஆகியவை இப்பகுதியில் அநேகமாக எல்லாக் கொல்லையிலும் வருபவை. இவற்றை இன்றும் பிழையின்றி அறிந்தவர்கள் கடலைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள். களையைக் கரையில் எறிந்து கீரையை மடியில் இட்டுக்கொள்ளும் அவர்களது கைகளைக் கவனியுங்கள். ஒருவரிடம் கேட்டதை, முதலில் கேட்டதைச் சொல்லாமல், இன்னொருவரிடமும் கேளுங்கள். இருவர் சொல்லும் ஒத்திருந்தால் சிறிதளவு சமைத்துப் பாருங்கள்.

கைப்பேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துள்ளன. தேடலைத் தொடங்க அவை உதவும். உண்பதற்கு அவற்றின் சாட்சி போதாது. அவர்களும் அறியாத செடியாயின், பூவும் காயும் கூடிய கிளையைப் பழைய செய்தித்தாளில் பரப்பிக் கனம் வைத்து அழுத்துங்கள். ஈரம் போகும்வரை தாளை மாற்றி, உலர்ந்ததும் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரக் கூடத்தில் அருட்தந்தை கே.எம். மேத்யூ இவ்வாறு உலர்த்திச் சேர்த்தவற்றைக் கொண்டே தமிழகச் சமவெளி, மலைத் தாவரங்களைப்பற்றிய பெருநூலை 1980களில் பல பாகங்களாக வெளியிட்டார். உலர்த்த இயலாதவர் பூக்கும்வரையாவது செடியை விட்டு வையுங்கள். பார்த்தீனியத்துக்கு மட்டும் இந்தச் சலுகை வேண்டாம். 1950களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய அப்பூண்டு தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும். பூக்குமுன் கையுறையிட்டுப் பிடுங்க வேண்டும்.

செடி நல்லதாயிருந்தும் நிலம் கெட்டிருக்கலாம். மனை விற்போர் புல்லைப் போக்கக் களைக்கொல்லி தெளித்தார்களா என்று கேட்டறியுங்கள். தெளித்திருந்தால் அப்பருவத்தில் முளைத்ததை உண்ண வேண்டாம். வண்ணப்பூச்சு கழுவிக் கொட்டிய மூலையிலும், பட்டுநூலுக்குச் சாயமேற்றிய நீர் வடியும் வாய்க்கால் ஓரத்திலும் கீரை எவ்வளவு செழித்திருந்தாலும் பறிக்கலாகாது. பெரும்பாலும் அங்கேதான் அது செழித்திருக்கும்!

புது மனைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பது பற்றிச் சிலர் கேட்டுள்ளனர். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.