எழுத்தெண்ணுதலும் எழுத்தெண்ணிப் படித்தலும்

ஒரு நூலைப் பழுதறக் கற்றவரை ‘எழுத்தெண்ணிப் படித்தவர்’ என்று பாராட்டுவது தமிழர் வழக்கு. எழுத்தை எண்ணிய அளவிலேயே ஒருவர் படித்தவர் ஆகிவிடுவாரா என்பது இன்று எழுப்ப வேண்டிய வினாவாயிற்று. இத்தனை எழுத்துடையது, இன்னின்ன எழுத்து அமைந்தது, அந்த ஆங்கிலச் சொல் யாது என்று தேடும் விளையாட்டு நம் இளையோர் கைகளிலும் புகுந்துள்ளது. இதனால் ஆங்கில அறிவு வளரும் என்று பெற்றோரும் மகிழ்கின்றனர். அம் மகிழ்ச்சிக்கு அடிப்படை உண்டா என்று ஆய்ந்து பார்ப்போம்.

இத் தேட்டம் நேற்றுத் தோன்றியதன்று. 1913 திசம்பர் 21-இல் ஆர்தர் வின் என்பார் ‘நியூயார்க்கு வேர்ல்டு’ நாளிதழில் குறுக்கெழுத்துக் கட்டத்தை வெளியிட்டார். அதில் பொருட்குறிப்பே முதல். எழுத்தின் எண்ணிக்கை அதற்குத் துணை. 1930-களில், வேலையிழந்த கட்டடக் கலைஞரான ஆல்பிரடு பட்சு, நாளிதழ்ப் பக்கங்களில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என்று எண்ணிக் கணக்கிட்டு, ‘இசுக்கிராபிள்’ ஆட்டத்தை அமைத்தார். அதன் 100 வில்லைகளுள் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு 12. ‘கியூ’ என்னும் எழுத்துக்கு ஒன்றே. அடிக்கடி வரும் முன்னதற்கு மதிப்பு 1. அருகி வரும் பின்னதற்கு 10. இங்கே பொருள் வெளியேறிற்று. எழுத்து அரியணை ஏறிற்று. 2021-இல் சோசு வார்டில் வெளியிட்டதும், 2022 சனவரியில் ‘நியூயார்க்கு டைம்சு’ விலைக்கு வாங்கியதுமான ‘வேர்டில்’ இவ்வழியில் வந்ததே. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் காணவேண்டும். இவ்வெழுத்து உண்டா, உரிய இடத்தில் உண்டா என்பதன்றி வேறு குறிப்பில்லை.

ஆங்கில எழுத்து 26-ஐ ஐந்து இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால் 1,18,81,376 கோவைகள் எழும். அவற்றுள் சொல்லாக ஏற்கப்படுபவை ஏறத்தாழ 12,000. அஃதாவது ஆயிரத்துக்கு ஒன்று. அந்தப் பன்னீராயிரத்துள்ளும், ஆக்கியோரின் துணைவியார் தமக்குத் தெரிந்தவை என்று தெரிந்தெடுத்தவை ஏறத்தாழ 2,500-தாம். அமெரிக்காவில் வாழ்பவர்க்கே ஐந்தில் நான்கு பங்கு புழக்கமற்றவை என்றால், அவற்றை நெட்டுருச் செய்யும் நம் மாணவன் எம்மொழியைக் கற்கின்றான்?

இனி, கரடுமுரடு எனப் பொருள்படும் ‘ரஃப்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இறுதி நான்கெழுத்தும் அமைந்த வேறு ஐந்தெழுத்துச் சொற்களைத் தேடுங்கள். கிளையைக் குறிக்கும் ‘பௌ’ வரும். இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ வரும். பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ வரும். கடுமையைக் குறிக்கும் ‘டஃப்’ வரும். எழுத்துகளை இடம் மாற்றினால், பிணந்தின்னும் பேயைக் குறிக்கும் ‘கூல்’ என்பதும் வரும். நான்கெழுத்தும் அவையே, ஒலியோ ஓரிடத்தில் ஔ, ஓரிடத்தில் ஓ, ஓரிடத்தில் ஃப். எழுத்தைக் கொண்டு ஒலியைத் துணிய வழியில்லை. ஆகவே இத் தேட்டம் கண்ணுக்குரிய சல்லடையேயன்றிச் செவிக்கும் நாவுக்கும் உரியதன்று.

‘எழுத்துக்கூட்டலாவது பழகாதா?’ எனலாம். சிறிது பழகும்; மறுக்கவில்லை. ஆனால் எழுத்துக்கூட்டல் மொழியாகாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. நியூசிலாந்தில் பிறந்த நைசெல் இரிச்சர்ட்சு, பிரெஞ்சு பேசத் தெரியாமலே, ஒன்பது கிழமைகளில் அம்மொழிச் சொற்பட்டியலை நெட்டுருச் செய்து, 2015-இல் பிரெஞ்சு மொழி இசுக்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். 2024-இல் இசுப்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். அவர் ஆற்றல் வியக்கத்தக்கதே. ஆயினும் வாகை சூடியவர்க்கு அம் மொழியில் உரையாடத் தெரியவில்லை. சொற்களின் உடல் அவரிடம் இருந்தது, உயிர் இல்லை. இன்று அவ்வுடலையும் கணிப்பொறி நொடிப்பொழுதில் அடுக்கித் தருகின்றது. பொறி செய்யும் வேலையை அறிவென்று மயங்குதல் தகுமா?

எழுத்தின்வழிச் சொல் தேடுதல் தமிழர்க்குப் புதுமையுமன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினொன்றாம் தொகுதி, சொற்களை எதுகையாகிய இரண்டாமெழுத்துப்படி வகுக்கின்றது. இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதியாகிய தொடையகராதியும் எதுகை தேடுவார்க்கு உதவவே எழுந்தது. ஆனால் அங்கே தேடியவன் செய்யுள் இயற்றுவோன். பொருள் அவன் உள்ளத்தில் முன்னரே நின்றது. அதற்கேற்ற ஓசையையே தேடினான்.

மூன்றெழுத்தும் நடுவில் ழகரமும் உடைய சொற்களைக் கேளுங்கள்: குழல், நிழல், தழல், பழம், உழவு, மழலை. ஆறிடத்தும் ழகரம் ஒன்றாகவே ஒலிக்கின்றது. நம் ககரம் போன்றவை இடத்துக்கேற்ப ஒலி திரிவது உண்மையே. எனினும் அத்திரிபு நெறிப்பட்டது. மேலும், சொல்லுக்கு முதலாகும் மெய் ஒன்பது, ஈறாகும் மெய் பதினொன்று என்று தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். ஆகவே தமிழில் சொல் தேடும் சிறுவன், தான் அறியாமலே இலக்கணமும் கற்கின்றான்.

ஆங்கிலம் கல்லாதே என்பது எம் கருத்தன்று. கற்பதாயின் மொழியாகக் கற்க என்பதே. எழுத்தைக் கொடுத்து ஆங்கிலச் சொல்லைக் கேட்கும் ஆசிரியர், அத்துடன் நிறுத்தற்க. பொருள் யாது, பலுக்கல் யாது, சொற்றொடரில் வைத்துக் காட்டு என்று மூன்றும் கேட்க. விடையில்லையேல் அச்சொல்லுக்கு மதிப்பெண் தரற்க. பெற்றோரும், பிள்ளை எத்தனை சொல் கண்டான் என்று கேளாது, எத்தனை சொல்லை ஆள்கின்றான் என்று கேட்க. அவ்வாறே தமிழ் வகுப்பில் கிழமைக்கு ஒரு நாள் எதுகைச் சொல் தேடும் பயிற்சி நடைபெறுக; அதற்குக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும்.

எழுத்தை எண்ணுக, எண்ணியதைப் படிக்க, படித்ததை ஆள்க. அதுவே எழுத்தெண்ணிப் படித்தல்.