எந்த வயதில் அழைத்துச் செல்வது?

பிடதியருகே 2005ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வொண்டர்லாவுக்குப் பிள்ளையை எவ்வயதில் அழைத்துச் செல்லலாம் என்னும் வினா, கோடை வந்தால் நம் இல்லங்களில் எழுகின்றது. இரயில்வே எழுத்தராகிய நமக்கு வயதே கணக்கு: ஐந்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாவிடில் கட்டணமில்லை. அங்கோ உயரமே கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் இலவசம். 140 வரை குழந்தைச் சீட்டு.

இலவசம் என்றவுடன் கைக்குழந்தையுடன் புறப்படுவோர் உளர். தாய்க்கு முழுச் சீட்டு உண்டன்றோ? அவ்வம்மையார் பால்புட்டியுங் கையுமாய் மரநிழலில் பொழுதைக் கழிப்பார்! ஐந்து வயதினர்க்குச் சிற்றிராட்டினங்கள் உண்டு. ஆயினும் அண்ணன் பெரியதில் ஏற, தம்பி கீழே நின்று அழுவான்.

எட்டு வயது ஏற்றதென்பது நம் கருத்து. அச்சத்தை வாய்விட்டுச் சொல்லவும், வரிசையில் பொறுத்து நிற்கவும், கண்டதை நினைவிற் கொள்ளவும் அவ்வயதில் இயலும். அதுவரை கப்பன் பூங்காவும் லால்பாக் பாறைக்குன்றும் போதும்.

நால்வர் ஒருநாட் செல்லும் தொகையில், பாட்டியைக் காண மதுரைக்கே இரண்டாம் வகுப்புப் படுக்கையில் சென்று மீளலாம். இவ்வாண்டு இரண்டில் ஒன்றே இயலுமெனில், முதலில் ஊருக்குச் சீட்டெடுங்கள். பூங்காவுக்கே செல்வதாயின், முன்னாளே வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தை அளந்து, எதில் ஏறலாம், எதில் ஏறவியலாது எனச் சொல்லிவிடுங்கள்.